யார் எழுதிக் கொடுத்தது?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கூப்பிட்டவங்க ‘கணினியும் கல்லூரிப் படிப்பும்’னு ஒரு தலைப்பு கொடுத்தாங்க. நான் கணினி தெரிஞ்சவன் இல்லை. தமிழ் வாத்தியார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உங்களை மாதிரிப் பிள்ளைகளின் விடைத்தாளையும் கட்டுரையையும் திருத்திக்கொண்டிருக்கிறவன். அதனால் எந்திரத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். எழுதுகிற கையைப் பற்றிப் பேசுகிறேன். அந்தக் கை யாருடையது, அதை யார் நம்புகிறார்கள், யார் சந்தேகப்படுகிறார்கள் என்பதுதான் என் பேச்சு.

முதலில் ஒரு பழைய கதை. 1991இல், அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடப்பட்ட வருஷம், நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் சேரியிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த மூன்றாவது ஆள். தங்கினது ஆதிதிராவிடர் நல விடுதி. மறுவருஷம் ஒரு கட்டுரைப் போட்டிக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். விடுதியில் பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பரைக்கூட விடாமல் படித்து வளர்த்த எழுத்து அது. ஆசிரியர் வகுப்பிலேயே தாளைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்: “யார்றா எழுதிக் கொடுத்தது?” வகுப்பு சிரித்தது. நான் பதில் சொல்லலை. சொல்லியிருக்கணும். அன்றைக்கு வாய் வரலை. அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? வேணும்னே ரெண்டு மூணு ஒற்றுப்பிழை விட்டு எழுத ஆரம்பித்தேன். பிழையோடு எழுதினால்தான் அது என் எழுத்து என்று நம்புவார்கள் என்பது எனக்குப் பதினெட்டு வயசில் புரிந்துபோனது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் பிள்ளைகள் இதையேதான் செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கிற கருவிக்குப் பயந்து, நல்லா வந்த வாக்கியத்தை உடைத்து, பிழை சேர்த்துக் கொடுக்கிறார்கள். முப்பது வருஷத்தில் கேள்வி கேட்கிற ஆள் மாறியிருக்கிறார். கேள்வி மாறவில்லை.

இடையில் நடந்ததையும் பார்க்கணும். 1998இல் எம்.ஃபில். ஆய்வேட்டை டைப்பிங் சென்டரில் கொடுத்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. திருத்தம் போட்டு மறுபடி பிரிண்ட் எடுக்க மறுபடி காசு. நான் ‘சேரி’ என்று எழுதியிருந்த இடத்தில் எல்லாம் அடித்தவர் ‘காலனி’ என்று போட்டிருந்தார். என் ஆத்தா பேசினதை அவள் பேச்சிலேயே எழுதியிருந்தேன். அதைச் ‘சுத்தத் தமிழ்’ ஆக்கியிருந்தார். கேட்டால், “சார், நல்லாத்தானே இருக்கு” என்கிறார். கையில் காசில்லை. அப்படியே சமர்ப்பித்தேன். ஆக, என் பெயரில் இருக்கிற ஆய்வேட்டில் என் சொல் இல்லை.

அது இருந்த ஃபிளாப்பியைச் சில வருஷம் கழித்து வேறொரு கணினியில் போட்டால் வெறும் கிறுக்கல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தமிழுக்குத் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தார். இந்த எழுத்துருவில் அடித்ததை அந்த எழுத்துருவில் படிக்க முடியாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகுதான் ‘தமிழ்99’ விசைப்பலகை அரசின் தரமாக வந்தது. யூனிகோடை அரசாணை போட்டு ஏற்றது 2010இல். அதுவரை அடித்தவற்றில் எவ்வளவு அழிந்திருக்கும்! எழுத்துருவும் கணினியும் சொந்தமாக வைத்திருந்தவன் தப்பித்தான். டைப்பிங் சென்டரை நம்பினவன் எழுத்து ஃபிளாப்பியிலேயே செத்தது.

அடுத்து செல்போன் வந்தது. “இந்தக் காலத்துப் பசங்க தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதுறானுங்க, தமிழ்ப் பற்றே இல்லை” என்று மேடையில் பெரியவர்கள் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கை நாம் பார்க்கவில்லை. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 அடிக்கலாம். தமிழில் அடித்தால் 70 தான். அதிலும் ‘தோழர்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணிப்பொறிக்கு ஐந்து குறி. ஒரே விஷயத்தைத் தமிழில் சொல்ல இரண்டு மூன்று செய்திக்குக் காசு. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? அன்றைக்குக் காசுக்காகப் பிடித்த பழக்கம், காசு பிரச்சினை தீர்ந்த பிறகும் விரலில் ஒட்டிக்கொண்டது. மொழிப்பற்று என்று நாம் பேசுகிற பலதுக்கும் அடியில் இப்படி ஒரு பொருளாதாரம் இருக்கிறது, தோழர்களே.

2011இல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. சேரிக்குள் கணினி வந்ததே அப்போதுதான். அதை விற்றார்கள், சினிமா பார்த்தார்கள் என்று கேலி பேசினவர்களை நான் மறக்கமாட்டேன். அவங்க வீட்டில் மூன்று இருந்தது, யாரும் எண்ணலை. ஆனால் கணினி மட்டும் போதாது என்பதும் உண்மை. இணைய இணைப்பு இல்லை. தமிழில் தட்டச்சு சொல்லித்தர ஆள் இல்லை. 2016க்குப் பிறகு டேட்டா மலிந்தது, போனே எல்லாமும் ஆயிற்று. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, இந்தியக் கிராமப்புறத்தில் கணினி உள்ள வீடு நூற்றுக்கு 4.4 என்கிறது, இணைய வசதி உள்ள வீடு 14.9. நகரத்தில் இவை 23.4, 42. இந்த நிலைமையில்தான் 2020இல் கொரோனா வந்து ‘எல்லோரும் ஆன்லைனில் படியுங்கள்’ என்றார்கள். ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. யார் போனை விட்டுக்கொடுத்திருப்பார்கள்? தங்கைதான். இந்த அறையில் இருக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, சமம் ஆகிவிட்டதா? திருத்துகிறவனாகச் சொல்கிறேன், ஆகவில்லை. போனில் எழுதுகிற பிள்ளைக்கு ஒரு நேரத்தில் கண்ணில் படுவது ஏழெட்டு வரி. முந்தின பத்தியில் என்ன வாதம் வைத்தோம் என்று திரும்பிப் பார்க்க விரலால் தள்ளிக்கொண்டே போகணும். அதனால் கட்டுரை துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொரு துண்டும் நல்லாத்தான் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்காது. படிப்பதும் அப்படியே: ஒரு புத்தகத்தை பிடிஎஃப் ஆக வைத்து, பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வேண்டிய நாலு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போடுகிறோம். அந்த நாலு வரிக்கு மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது, யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. போனில் ‘மன’ என்று அடித்தாலே மனம், மனசு, மனிதன் என்று வரிசையாக நிற்கும். தொட்டால் போதும். றகர ரகரம், ணகர னகரம் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் செமஸ்டர் தேர்வு இன்னும் பேனாவில், மூன்று மணி நேரம். பேனா எதையும் எடுத்துக் கொடுக்காது. வருஷம் பூரா கட்டைவிரலால் எழுதின பிள்ளை அங்கே தடுமாறுகிறது. வீட்டில் மேசை, கணினி, பிழை திருத்தித் தர ஒரு படித்த பெரியப்பா, இதெல்லாம் உள்ள பிள்ளைக்கு இரண்டும் கைவரும். நம்ம பிள்ளைக்கு வீட்டில் எழுத்து தெரிந்த ஆளே இது ஒன்றுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80. பட்டியல் சாதி மக்களிடம் 73. இன்றைக்குக் கல்லூரியில் இருக்கிற நம் பிள்ளைகளில் பலருடைய அப்பா அம்மா அந்த மிச்சம் இருபத்தேழில் இருக்கிறவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘இந்த வாக்கியம் சரியில்லையே’ என்று சொல்ல ஆள் இல்லாததால்தான், அந்த இடத்தில் எந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் “காப்பி அடிக்கிறான்” என்று மட்டும் பேசுவது மேல்சாதிப் பேச்சு.

நான் இன்றைக்கு ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. மறுவருஷமே கல்லூரிகளில் ஒரே பேச்சு. அந்த வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி திட்டக் கட்டுரை கொடுத்தாள். பேர் சொல்லமாட்டேன். நம்ம பொண்ணு. அவள் பாட்டியின் நடவு வேலையைப் பற்றி, கூலிக்கு நெல் அளந்த மரக்காலில் பண்ணையார் எப்படி ஏமாற்றினார் என்பதைப் பற்றி இருபது பக்கம். படித்தேன். ஒரு பிழை இல்லை. நான் என்ன செய்திருக்கணும்? சந்தோஷப்பட்டிருக்கணும். துறை அறையில், வேறு இரண்டு ஆசிரியர்கள் முன்னால் கேட்டேன்: “யாரும்மா எழுதிக் கொடுத்தது? போன்கிட்ட கேட்டியா?”

அவள் ஒன்றும் பேசவில்லை. என்னை மாதிரியே.

மறுநாள் ஒரு நோட்டும் போனுமாக வந்தாள். போனில் பாட்டியின் பேச்சு நாற்பதுக்கும் மேலான துண்டுகளாகப் பதிவாகியிருந்தது. அவள் செய்தது இதுதான்: பாட்டி சொன்னதை இவள் போனுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். பேசினால் தமிழில் எழுதுகிற வசதி 2017இலேயே போனில் வந்துவிட்டதே, அதில். பாத்திரம் கழுவிக்கொண்டே, தண்ணிக்கு வரிசையில் நின்றுகொண்டே சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கத்துப் பேச்சு அந்த எந்திரத்துக்குப் புரியவில்லை. பாட்டி ‘கூழு’ என்றால் அது ‘கூகுள்’ என்று எழுதியிருக்கிறது. “விடியக்காலம் கூகுள் குடிச்சிட்டு நடவுக்குப் போனோம்.” இதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. அப்படி வந்த குப்பையை எல்லாம் நோட்டில் கையால் எழுதி, பாட்டியிடம் மறுபடி படித்துக் காட்டி, அகராதி பார்த்து ஒவ்வொரு சொல்லாகத் திருத்தி, திரும்ப அடித்திருக்கிறாள். நோட்டு முழுக்கச் சிவப்பு மை. இரண்டு மாச உழைப்பு.

நான் ஏன் சந்தேகப்பட்டேன்? அன்றிரவு தூங்காமல் யோசித்தேன். அதில் பிழை இல்லை என்பதால்தான். நம்ம பிள்ளை எழுத்து என்றால் பிழை இருக்கும் என்று என் மனசு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. 1992இல் என் ஆசிரியர் வைத்திருந்த அதே கோல். அதை நான் எங்கே வாங்கினேன்? அந்த வகுப்பறையில்தான் வாங்கியிருப்பேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்த இரண்டு ஆசிரியர்கள் முன்னாலேயே.

சந்தேகத்துக்கு இப்போது எந்திரமே கிடைத்துவிட்டது. எண் போட்டுச் சொல்கிறது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டு பற்றிய ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்திக் கொடுக்கணும். அதற்கு மேல் 60 வரை ஒரு வருஷம் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. திருட்டைத் தடுக்க விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் எழுத்தைத் திருடிப் பேராசிரியர் ஆனவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒழுங்குமுறையிலேயே, முறையாகச் சான்று காட்டின மேற்கோளையும், தற்செயலாக ஒத்துப்போகிற பதினான்கு சொல் வரையிலான தொடரையும் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று இருக்கிறது. இது எத்தனை மாணவருக்குத் தெரியும்? தெரியாததால், எண்ணைக் காட்டி மிரட்டினால் மிரள்கிறோம். விதியைப் படியுங்கள். அம்பேத்கர் நமக்குக் காட்டிய வழி அது, எந்தச் சட்டத்தையும் அதன் மூலத்திலேயே படிப்பது.

எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கிற கருவி இன்னும் மோசம். 2023இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்குத் தாங்களே எழுதின 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். அவற்றில் சராசரியாகப் பாதிக்கு மேல் எந்திரம் எழுதியது என்று அந்தக் கருவிகள் சொல்லின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதியதில் அநேகமாகத் தவறு நேரவில்லை. ஏன்? எளிய சொல், பழகின வாக்கிய அமைப்பு, இதைத்தான் அந்தக் கருவி ‘எந்திரத்தனம்’ என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது மொழியில் எழுதுகிற எவனும் அப்படித்தானே எழுதுவான்! சாட்ஜிபிடியை உண்டாக்கின நிறுவனமே தான் வெளியிட்ட கண்டுபிடிக்கும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்ப வாங்கிக்கொண்டது. செய்தவனே நம்பாத தராசை வைத்து நம்ம பிள்ளையை நிறுக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால், ‘அண்ணன் ஏஐ-க்கு வக்காலத்து வாங்குறார், இனி எல்லாத்தையும் அதையே எழுதச் சொல்லலாம்’ என்று யாரும் கைதட்டிவிடாதீர்கள். உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

நான் அதனிடம் பறையைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டுப் பார்த்தேன். அழகாக எழுதியது. தொன்மையான தோல் கருவி, தமிழர் பண்பாட்டின் பெருமை, உலக மேடைகளில் ஒலிக்கிறது, எல்லாம் இருந்தது. சாவுக்கு அடிக்கச் சொல்லி யாரைக் கட்டாயப்படுத்தினார்கள், அடிக்கமாட்டேன் என்று சொன்னவன் என்ன ஆனான், அது ஒரு வரி இல்லை. இது அதன் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். அது ஏற்கனவே எழுதப்பட்டதிலிருந்து கற்றுக்கொள்கிறது. எழுதியவர்கள் யார்? எழுதக் கிடைத்தவர்கள். நம்ம எழுத்து எங்கே இருந்தது? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, பிறகு ‘தமிழன்’ என்று 1914இல் சாகும்வரை நடத்தினார். அந்த எழுத்துகள் பெரும் தொகுதிகளாக ஞான. அலாய்சியஸ் தொகுத்து நம் கைக்கு வந்தது 1999இல். எண்பத்தைந்து வருஷம்! நான் எம்.ஏ. படித்தபோது என் பாடத்தில் அயோத்திதாசர் இல்லை. தன் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் என்று பண்டிதர் எழுதிவைத்திருக்கிறார். சுவடி நம் வீட்டில் இருந்தது; பெயர் புத்தகத்தில் இல்லை. இந்த இல்லாமையையும் சேர்த்துத்தான் எந்திரம் படித்திருக்கிறது.

அப்படியென்றால், உன் கட்டுரையை அதனிடம் முழுசாக ஒப்படைக்கிறபோது நீ என்ன செய்கிறாய்? டைப்பிங் சென்டர்காரர் என் ‘சேரி’யைக் ‘காலனி’ ஆக்கினாரே, அதை நீயே காசில்லாமல் செய்துகொள்கிறாய். அவரிடமாவது சண்டை போடலாம். இங்கே சண்டை போடவும் தோன்றாது, ஏனென்றால் வந்தது ‘நல்லாத்தானே இருக்கு’. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தடுத்துவைத்த ஒரு கூட்டம், எழுத வாய்ப்பு வந்த இரண்டாவது தலைமுறையிலேயே “நீயே எழுதிக்கொடு” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தால் அதை என்னவென்று சொல்வது?

ஆகையால் சில காரியங்கள் சொல்கிறேன். ஆணை இல்லை, விவாதத்துக்கு வைக்கிறேன்.

கல்லூரியிடம் நாம் கேட்க வேண்டியது: கருவி காட்டிய எண்ணை மட்டும் வைத்து எந்த மாணவரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் உட்காரவைத்துப் பேசட்டும். எழுதினவருக்குத் தான் எழுதியதைப் பற்றிச் சொல்ல அரைமணி நேரம் கொடுத்தால் உண்மை தானாகத் தெரியும். அந்தக் கேள்வி எல்லாச் சாதிப் பிள்ளையிடமும் ஒரேமாதிரி கேட்கப்பட வேண்டும். விடுதிகளில் கணினி வேண்டும், இணைப்பு வேண்டும். முதல் செமஸ்டரிலேயே தமிழ்99 தட்டச்சு கற்றுத்தர வேண்டும். உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. கொஞ்ச நாள் உட்கார்ந்தால் வந்துவிடும். கட்டைவிரலை நம்பி ஆய்வேடு எழுத முடியாது.

நமக்குள் செய்ய வேண்டியது: முதல் வரைவு எப்போதும் உன்னுடையதாக இருக்கட்டும். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, கையால் எழுது. அதற்கப்புறம் எந்திரத்திடம் கேள், “இதில் எங்கே இடறுது?” என்று கேள். அது மாற்றின ஒவ்வொரு சொல்லுக்கும் நீ காரணம் கேட்கணும். காரணம் பிடிக்கலைன்னா உன் சொல்லையே வை. வரைவுகளைத் தூக்கிப் போடாதே; நாளைக்கு யாராவது கேட்டால் அந்தப் பெண்ணின் நோட்டு மாதிரி அதுதான் உன் சாட்சி. இந்த வட்டத்தில் மாசம் ஒருமுறை ஒருவர் எழுதியதை எல்லோரும் சேர்ந்து சத்தமாகப் படித்துத் திருத்துங்கள். நம் வீட்டில் இல்லாத அந்தப் பெரியப்பா இந்த வட்டம்தான். ஒவ்வொருவரும் தன் ஊர்க் கிழவி ஒருத்தியின் பேச்சைப் பதிவு செய்து, அவள் பேச்சு மாறாமல் யூனிகோடில் அடித்து இந்த மாதிரிப் பத்திரிகைக்குக் கொடுங்கள். நாளைக்கு எந்த எந்திரம் பறையைப் பற்றி எழுதினாலும், நாம் எழுதியதும் அதன் முன்னால் இருக்கட்டும்.

1936இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதின தலைமையுரையைப் பேசவிடவில்லை. அதில் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். அவர் ஒரு கமாவைக்கூட மாற்றமாட்டேன் என்றார். மாநாடு ரத்தானது. தன் சொந்தக் காசில் 1,500 பிரதி அச்சடித்தார். அதுதான் நீங்கள் படிக்கிற ‘சாதி ஒழிப்பு’. அந்த ஒரு கமாவின் மதிப்பு தெரிந்தவனுக்குத்தான் தன் எழுத்து தனக்குச் சொந்தம்.

அந்தப் பெண் இப்போது முதுகலை முடித்துவிட்டாள். போன மாசம் பார்த்தேன். ஒரு நேர்முகத்தில் அவளுடைய கட்டுரையைப் பார்த்துவிட்டு யாரோ இதே கேள்வியைக் கேட்டார்களாம். “என்ன சொன்னே?”ன்னு கேட்டேன்.

“பாட்டி சொன்னாங்க, நான் எழுதினேன்னு சொன்னேன் சார். நோட்டு கையிலதான் இருந்தது.”

நான் 1992இல் சொல்லாத பதிலை அவள் சொல்லிவிட்டாள். என் பேச்சு முடிந்தது. இனி நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.

ஜெய்பீம்.